யார் சுட்டது? துப்பாக்கிச்சூட்டுச் செய்தியைப் படிப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, ஊர்: பாப்பாரப்பட்டி)



ஆண்டு மலருக்கு ஏதாவது டெக்னிக்கலாக எழுது என்றார்கள். சரி, எங்கள் துறையில் தினமும் உச்சரிக்கிற ஒரு வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வார்த்தை 'பயாஸ்'.

மற்றத் துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரான்சிஸ்டர் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்க வேண்டுமானால், சிக்னல் வருவதற்கு முன்பே அதற்கு ஒரு டி.சி. வோல்டேஜ் கொடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பயாஸ். அது சரியான அளவில் இருந்தால் உள்ளே போன அலை அப்படியே பெரிதாகி வெளியே வரும். தப்பான அளவில் இருந்தால் அலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுவிடும். இதைத்தான் லேபில் கிளிப்பிங் என்கிறோம். வெளியே வருகிற அலை பொய் இல்லை. ஆனா அது முழுசு இல்லை. உள்ளே போன அலையைப் பார்க்காதவருக்கு அது முழுசு இல்லை என்பதே தெரியாது!

ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுவதற்கும் ஆங்கிலத்தில் இதே வார்த்தைதான். செய்தித்தாளுக்கும் டி.வி.க்கும் இப்படி ஒரு பயாஸ் உண்டு. சம்பவம் நடப்பதற்கு முன்பே அது செட் ஆகியிருக்கிறது. அது மிக நன்றாகத் தெரிகிற இடம், துப்பாக்கிச்சூடு பற்றிய செய்தி. வேறு செய்தியில் தப்பு வந்தால், சம்பந்தப்பட்டவர் மறுநாள் ஆபீசுக்கே போய் மறுப்புக் கொடுக்கலாம். இதில் சம்பந்தப்பட்டவர் இறந்துபோயிருக்கிறார். அவரைப் பற்றி அன்றைக்கு என்ன எழுதினார்களோ அதுவே ஊருக்குள் அவருடைய பெயராக நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எழுவாய் எங்கே போச்சு?

எங்கள் வீட்டில் செய்தித்தாளைக் கையில் எடுத்துப் படிக்கிற முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆயாவுக்கு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் பேப்பரை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு மே மாதம், தூத்துக்குடி நினைவு நாள் செய்தியைப் படித்தேன். "2018-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலியானார்கள்" என்று இருந்தது. ஆயா வெற்றிலையை மென்றபடியே கேட்டது: "யாரு கண்ணு சுட்டாங்க? அதைப் போடலையா?"

நான் மறுபடியும் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே போடவில்லை!

பத்தாம் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் மார்க்குக்காகப் படித்தோம். அதன் உபயோகம் இங்கேதான் இருக்கிறது. இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

"துப்பாக்கிச்சூடு நடந்தது; 13 பேர் பலி."
"போலீஸார் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள்."
"போலீஸார் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்."

மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் சுட்டவர் காணாமல் போய்விட்டார். மழை பெய்த மாதிரி, துப்பாக்கிச்சூடு தானாக நடந்துவிட்டது! "வன்முறை வெடித்தது", "பதற்றம் நிலவியது", "நிலைமை கட்டுக்குள் வந்தது" எல்லாம் இந்த ஜாதிதான். செய்தவர் யார் என்றே சொல்லாத வாக்கியங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டால் 'அதிகாரி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு' என்று போலீஸ் அறிக்கையில் எழுதுவார்கள். பல பத்திரிகைகளும் அதை அப்படியே போட்டுவந்தன. யார் சுட்டார், யார் விழுந்தார் என்பது அதில் தெரியாது. இதற்கு அங்கேயே பத்திரிகைக்காரர்கள் மத்தியில் பலத்த எதிர்ப்பு உண்டு.

மாற்றிப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் கல்லை எறிந்திருந்தால் "கல்வீச்சு நடந்தது" என்று நிறுத்த மாட்டார்கள். "போராட்டக்காரர்கள் கல் வீசித் தாக்கினர்" என்று எழுவாயோடுதான் வரும். கல்லுக்கு எழுவாய் உண்டு, குண்டுக்கு இல்லை. இதுதான் கிளிப்பிங்.

பெயர்ச்சொல்லே தீர்ப்பு

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவில் திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் பலர். நம் தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. நமக்கெல்லாம் அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

முதல் நாள் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகள் அடிபட்டன. ஒன்று 'கடத்தல்காரர்கள்'. மற்றது 'என்கவுன்ட்டர்', அதாவது மோதல். மோதல் என்றால் இரண்டு பக்கமும் அடி விழ வேண்டும். இங்கே இறந்த 20 பேரும் ஒரே பக்கம். போலீஸ் தரப்பில் உயிரிழப்பு இல்லை. கோடாரியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது போலீஸ் சொன்னது. சிலரைப் பஸ்ஸிலிருந்து முன்பே பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் இதை விசாரணைக்கு எடுத்து, குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. ஆனால் 'கடத்தல்காரர்' என்கிற பெயர்ச்சொல் அதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்கு மரம் வெட்டப் போகிறவர் வேறு, அந்த மரத்தைக் கப்பல் ஏற்றிப் பணம் பார்க்கிறவர் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைப் போட்டால், படிக்கிறவர் மனசில் தீர்ப்பு அந்த நிமிஷமே எழுதப்பட்டுவிடும். கோர்ட்டு வேண்டாம், சாட்சி வேண்டாம். குற்றவாளியே ஆனாலும் தண்டனை கொடுக்க வேண்டியது நீதிமன்றம்தானே! அதற்காகத்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம், என்கவுன்ட்டரில் சாவு நேர்ந்தால் கட்டாயம் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், தனி விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று விதிமுறைகள் போட்டது. அந்த விதிமுறைகள் நிறைவேறினவா என்று தொடர்ந்து கேட்டு எழுதும் செய்தி எத்தனை வருகிறது?

எனக்கு இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. என் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறும்போது அவர் பையில் சுத்தியல், ரம்பம், கடப்பாரை இருக்கும். வேலை செய்கிற இடத்தில் அதற்குப் பெயர் 'சாமான்'. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதே சாமான் செய்தியில் 'பயங்கர ஆயுதம்' ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? நம் காலேஜில் படிக்கிற பாதிப் பேரின் வீட்டில் இப்படி ஒரு பையும், அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு ஆளும் உண்டு. நம் ஆட்களுக்கு நாளைக்கு என்ன பெயர்ச்சொல் கிடைக்கும் என்பது நம் கவலைதான்.

கதை எங்கிருந்து தொடங்குகிறது?

தூத்துக்குடிக்கு வருவோம். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரம் கிராமத்து மக்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தின் 100-ஆவது நாள் மே 22. அன்றுதான் கலெக்டர் ஆபீஸ் நோக்கி ஊர்வலம், அன்றுதான் துப்பாக்கிச்சூடு. 99 நாள் உட்கார்ந்திருந்தபோது வெளியூர் பேப்பரில் அவர்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். 100-ஆவது நாள்தான் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அதனால் பலருக்கு அந்தக் கதை "தடையை மீறி ஊர்வலம், கல்வீச்சு, வாகனங்களுக்குத் தீ" என்பதிலிருந்துதான் தொடங்கியது. கதையை எந்த இடத்தில் தொடங்குகிறோமோ, அந்த இடத்தில் நிற்பவர்தான் வில்லன் ஆகிறார்.

அப்புறம் இன்டர்நெட். மே 23-லிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சில நாட்களுக்கு இணையச் சேவையை அரசு நிறுத்திவிட்டது. அந்த ஊர் ஆட்கள் எடுத்த வீடியோ வெளியே வருவது கஷ்டமாகிவிட்டால், மிச்சம் இருக்கிற குரல் அறிக்கை விடுகிறவர்களின் குரல்தான். 'சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்ற பேச்சு அந்த நாட்களில்தான் பெரிதாக ஓடியது. நடிகர் ரஜினிகாந்த் அங்கே போய்விட்டு வந்து அப்படிச் சொன்னதும், அதுவே நாள் முழுக்க டி.வி. விவாதம் ஆனது.

கொஞ்ச காலம் கழித்து வந்ததைப் பாருங்கள். 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தேடி எடுத்து வெளியிட்டது. 12 பேருக்குத் தலையில் அல்லது நெஞ்சில் குண்டு பட்டிருந்தது. அவர்களில் பாதிப் பேர் பின்பக்கமாகச் சுடப்பட்டவர்கள். கூட்டத்தைக் கலைக்கச் சுடுவதற்கு விதிமுறை இருக்கிறது. முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி. வேறு வழியே இல்லாதபோதுதான் துப்பாக்கி. அதுவும் இடுப்புக்குக் கீழே. இதைத் தெரிந்துகொண்டு அந்த அறிக்கையைப் படித்தால் என்ன தோன்றுகிறது?

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் போனது. ஆகஸ்டில் 'ஃபிரண்ட்லைன்' பத்திரிகை அதன் விவரங்களை வெளியிட்டது. அக்டோபரில் சட்டசபையில் வைத்தார்கள். ஓடுகிற கூட்டத்தின் மீது மறைவிலிருந்து சுட்டிருக்கிறார்கள், போலீஸ் வரம்பு மீறியிருக்கிறது என்று ஆணையம் சொன்னது. 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னது உண்மைக்கு மாறானது என்றும் எழுதியது. சம்பவத்துக்கும் சட்டசபைக்கும் நடுவே நாலு வருஷம் ஐந்து மாதம்! முதல் நாள் எட்டுக் காலத் தலைப்பைப் படித்த எத்தனை பேர் இதைத் தேடிப் படித்திருப்பார்கள்?

இது புதுப் பழக்கமா?

இல்லை. எங்கள் பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் 1925 ஜூலை 23-ல் எங்கள் ஊரில்தான் காலமானார். 1908 மார்ச் 12-ஆம் தேதி அவரையும் வ.உ.சி.யையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்கள் இவர்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடையடைப்பு. நகராட்சி ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ் எல்லாம் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். வெள்ளைக்கார அரசின் ஆவணத்தில் இதற்குப் பெயர் 'திருநெல்வேலிக் கலகம்'. இன்றைக்கு நம் சரித்திர ஆசிரியர்கள் வைத்திருக்கிற பெயர் 'திருநெல்வேலி எழுச்சி'. ஒரே ஊர், ஒரே நாள், அதே நான்கு சாவு. ஒரு வார்த்தையில் அவர்கள் கலகக்காரர்கள், இன்னொரு வார்த்தையில் தியாகிகள்.

ஜாலியன் வாலாபாக் எல்லோருக்கும் தெரியும். 1919 ஏப்ரல் 13. பஞ்சாபில் ராணுவச் சட்டம் போட்டுச் செய்தியை வெளியே விடாமல் தடுத்தார்கள். பம்பாயில் 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகையின் ஆசிரியர் ஹார்னிமன் ஒரு வெள்ளைக்காரர்; அரசை எதிர்த்து எழுதிவந்த அவரை அதே மாதம் இங்கிலாந்துக்கு நாடு கடத்தினார்கள். லண்டனில் 'மார்னிங் போஸ்ட்' என்ற பத்திரிகையோ சுட உத்தரவிட்ட டயருக்காக 26,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தது! சுட்டவர் பக்கம் ஒரு பத்திரிகை, சுடப்பட்டவர் பக்கம் ஒரு பத்திரிகை. இது பத்திரிகை தோன்றிய காலத்திலிருந்து இருக்கிற விஷயம்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

நிருபர் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ராய்ட்டர்ஸ், ஃபிரண்ட்லைன் விஷயங்களைக் கொண்டுவந்தவர்களும் நிருபர்கள்தானே! பயாஸ் செட் ஆகிற விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தாலுகா அளவில் செய்தி கொடுக்கிறவர்களில் பலர் பகுதிநேர நிருபர்கள். சம்பளம் குறைச்சல். தினமும் விபத்து, திருட்டு, கைது என்று செய்தி கிடைக்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன்தான். நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும். சுட்ட அன்று சாயந்திரத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் கையில் தயாராக இருப்பது போலீஸ் தரப்புக் குறிப்பு. இறந்தவர் வீட்டாரோ ஜி.எச். மார்ச்சுவரி வாசலில் அழுதுகொண்டிருப்பார்கள். யாரிடம் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. இதற்கு மேல் அரசு விளம்பர வருமானம், முதலாளியின் தொழில், கட்சி. நம் மாநிலத்தில் பெரிய கட்சிகளுக்கெல்லாம் டி.வி. உண்டு. சுட்டது யார் ஆட்சியில் என்று பார்த்துத்தான் அங்கே தலைப்பு சூடாகும், இல்லை ஆறிப்போகும்.

பயாஸ் ஒரு பக்கம்தான் என்றும் நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் வாகனங்கள் எரிந்ததும் போலீஸார் சிலர் காயம்பட்டதும் நடந்தவைதான். போராட்டக்காரர் பக்கம் நிற்கிறேன் என்று அதை விட்டுவிட்டு எழுதினால் அதுவும் கிளிப்பிங்தான். வாட்ஸ்அப்பில் வந்த கணக்குகளும் வேறு ஊர்ப் படங்களும் இன்னும் மோசம்.

அப்ப என்ன செய்யலாம்?

"எல்லாப் பேப்பரும் பொய்" என்று தூக்கிப் போடுவது சுலபம். மெக்கானிக்கல் நண்பர்கள் வெர்னியர் காலிப்பரில் ஜீரோ எரர் இருந்தால் அதைக் குப்பையில் போடுகிறார்களா? எரர் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்த்துக் கழித்துக்கொள்கிறார்கள். செய்திக்கும் அதே வழிதான். துப்பாக்கிச்சூடு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. சுட்டது யார்? தலைப்பில் எழுவாய் இருக்கிறதா? இல்லை என்றால் பென்சிலால் நாமே எழுதி மறுபடி படிக்க வேண்டும்.

2. நிருபருக்கு இதைச் சொன்னது யார்? செய்தியில் எத்தனை வாய் பேசுகிறது என்று எண்ணுங்கள். எஸ்.பி., கலெக்டர், அமைச்சர் மட்டும்தானா? காயம்பட்டவர், குடும்பத்தார், பக்கத்தில் நின்றவர் பேசுகிறார்களா?

3. இறந்தவருக்குப் பெயர், வயது, தொழில் இருக்கிறதா? அல்லது 'கும்பல்', 'கடத்தல்காரர்', 'சமூக விரோதி' என்ற முத்திரை மட்டும்தானா? அந்த முத்திரையைக் குத்தியது யார்?

4. குண்டு உடம்பில் எங்கே பட்டது? முன்பக்கமா, பின்பக்கமா? எச்சரிக்கை கொடுத்தார்களா?

5. கதை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது?

6. பிறகு என்ன ஆச்சு? பிரேதப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் விசாரணை, ஆணைய அறிக்கை வந்ததா?

ஆறாவது கேள்விதான் முக்கியம். எங்கள் லேபில் கிளிப்பிங்கைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வெளியே வருகிற அலையை மட்டும் பார்த்தால் போதாது. சி.ஆர்.ஓ.வில் இரண்டு டிரேஸையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ளே போனது, கீழே வெளியே வந்தது. முதல் நாள் பேப்பரையும் ஆணைய அறிக்கைச் செய்தியையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் வெட்டுப்பட்டது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆணைய அறிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அதற்கும் இதே ஆறு கேள்விகள் உண்டு. யார் சொன்னாலும் சரி, அதற்குள் இருக்கிற மெய்யைத் தேடு என்று வள்ளுவர் சொன்னதை எல்லாப் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்து பார்ப்பதுதான் பாக்கி.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் வாசகசாலையில் தமிழ்ப் பேப்பரும் ஆங்கிலப் பேப்பரும் வருகின்றன. மாதம் ஒரு முறை, ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு பேப்பரில் வந்த செய்தியை வெட்டி நோட்டீஸ் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம். அடியில் ஒரு வெள்ளைத்தாள், நூலில் கட்டிய ஒரு பேனா. யார் வேண்டுமானாலும் வந்து எழுவாய்க்கு அடிக்கோடு போடட்டும், விட்டுப்போனதை எழுதட்டும். செலவு பசை டப்பா ஒன்று. கத்தரிக்கோல் நான் கொண்டுவருகிறேன்.

நம் வீடுகளில் இன்னும் பல பேர் செய்தியை நம் வாய் வழியாகத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டும்போது, பேப்பர் விட்டுவிட்ட எழுவாயையும் சேர்த்துப் படிப்போம்.